லயத்துச் சுவருக்கு இருபுறமும் பிள்ளை வளர்க்கிறவர்களுக்கு

அன்புள்ள அக்காமாரே, அண்ணன்மாரே, தம்பி தங்கச்சிகளே,

ஏலப்பாறை, பாம்பனார், வண்டிப்பெரியாறு, உப்புத்தறை என்று பீர்மேடு தாலுகா முழுக்கத் தோட்டத்து லயங்களில் பிள்ளை வளர்த்துக்கொண்டிருக்கிற தாய் தகப்பன் எல்லாருக்கும் சேர்த்து இதை எழுதுகிறேன். விடியுமுன் கம்பத்திலும் கூடலூரிலும் ஜீப் ஏறி, கம்பம்மெட்டு வழியாகவும் குமுளி வழியாகவும் ஏலக்காட்டு வேலைக்கு வந்து, இருட்டிய பிறகு பிள்ளை முகம் பார்க்கிறவர்களும் உங்களில் சேர்த்திதான். நான் தமிழ்வழிப் பள்ளியில் பாடம் நடத்துகிறவள். லயத்தில் பிறந்து வளர்ந்தவள். பிள்ளையை எப்படி வளர்க்க வேண்டும் என்று உங்களுக்குச் சொல்ல நிறையப் பேர் இருக்கிறார்கள். எதைக் கொடுக்க வேண்டும், எத்தனை மணிக்குத் தூங்க வைக்க வேண்டும், செல்போனை எப்போது பிடுங்க வேண்டும் என்று கேட்டுக் கேட்டு உங்களுக்கு அலுத்திருக்கும். நான் பேச வருவது உங்கள் இரண்டு பேருக்கும் நடுவில் இருப்பதைப் பற்றி. அதற்கும் அடியில், உங்களில் ஒவ்வொருவரும் தனக்குத்தானே பேசிக்கொள்கிற பேச்சைப் பற்றி.

பள்ளியில் பெற்றோர் கூட்டம் என்றால் வருகிறவர்கள் பெரும்பாலும் அம்மாக்கள். அரைநாள் கூலியை விட்டுவிட்டு வருகிறீர்கள். பையன் வகுப்பில் தூங்குகிறான், கொஞ்ச நாளாகவே எழுத்து ஓடவில்லை என்று நான் வாயைத் திறப்பதற்குள், "எல்லாம் என் தப்புதான் டீச்சர். அவன் எந்திரிக்கிறதுக்குள்ள நான் மலைக்குப் போயிர்றேன்" என்று கண் கலங்கிவிடுகிறது. அதே பையனின் அப்பாவைக் கடைவீதியில் பார்த்து நிறுத்திக் கேட்டால், தரையைப் பார்த்துக்கொண்டே "அவங்கம்மா பாத்துக்கிறா டீச்சர்" என்று நகரப் பார்க்கிறார். ஒருவர் பழியை மொத்தமாகத் தன் தலையில் ஏற்றிக்கொள்கிறார், இன்னொருவர் ஒதுங்கிக்கொள்கிறார். அந்த ஆளுக்குப் பிள்ளைமேல் அக்கறையில்லை என்று ஊர் சொல்லும். எனக்கு அப்படித் தோன்றியதே இல்லை. இன்னும் நாலு வார்த்தை பேச்சுக்கொடுத்தால் அவர் வாயிலிருந்தும் அதே சங்கதிதான் வருகிறது: "நான் சம்பாதிக்கிற லட்சணத்துக்கு அவனுக்குப் புத்தி சொல்ல எனக்கு என்ன யோக்கியதை இருக்கு?"

ஆக, இரண்டு பேருமே தங்களைத் தாங்களே நாளெல்லாம் திட்டிக்கொண்டிருக்கிறீர்கள். ஒருவர் திட்டிக்கொண்டே ஓடுகிறார், ஒருவர் திட்டிக்கொண்டே விலகுகிறார். அந்தத் திட்டு உள்ளேயே நிற்பதில்லை. ராத்திரி எட்டு மணிக்கு அது எதிரில் இருப்பவர்மேல் பாய்கிறது. அங்கிருந்து பிள்ளைமேல் இறங்குகிறது.

"அவரோட எனக்கு ஆகல, ஆனா பிள்ளைக்கு ஒரு குறையும் வைக்கல" என்று நம்மில் பலர் சொல்வோம். கணவன் மனைவிக்குள் கசப்பு இருந்தால் அந்த நஷ்டத்தைப் பிள்ளையிடம் கூடுதல் பாசமாகக் கொட்டி ஈடு கட்டிவிடலாம் என்ற நம்பிக்கை அது. ஓஸ்னத் எரெல், போனி பர்மன் என்ற இரு ஆய்வாளர்கள் 1995-ல் இந்த விஷயம் குறித்து வந்திருந்த 68 ஆய்வுகளை ஒன்றாக வைத்துப் பார்த்தார்கள். அப்படி ஈடு கட்ட முடிகிறது என்பதற்கு அவற்றில் ஆதாரம் கிடைக்கவில்லை. தம்பதிக்குள் நிறைவு இருக்கிற வீட்டில் பிள்ளையோடு உறவும் நன்றாக இருந்தது, கசப்பு இருக்கிற வீட்டில் அந்தக் கசப்பு பிள்ளையிடமும் வழிந்திருந்தது. இதைப் படித்துவிட்டு, சண்டை போடுகிற தாய் தகப்பன் எல்லாரும் பிள்ளையைக் கெடுக்கிறார்கள் என்று அர்த்தம் எடுத்துக்கொள்ளாதீர்கள். பிள்ளைக்காக என்று தனியே நேரம் ஒதுக்க முடியாதவர்கள்கூட, தங்களுக்குள் ஒரு வார்த்தை நல்லபடியாகப் பேசிக்கொண்டால் அதுவும் பிள்ளைக்குப் போய்ச் சேருகிறது என்று நான் அதை வாசிக்கிறேன். நம்மைப் போல் நேரமே கைக்கு எட்டாதவர்களுக்கு இது பெரிய ஆறுதல்.

சல்வடோர் மினுச்சின் என்ற மனநல மருத்துவர் 1960-களில் நியூயார்க்கின் ஏழைக் குடும்பங்களோடு வேலை செய்தார். 1967-ல் அதைப் புத்தகமாகவும் எழுதினார். தாயும் தகப்பனும் ஒரு பக்கமாக நிற்காத வீட்டில் பிள்ளை நடுவில் இழுபடுகிறது என்பதை அவர் திரும்பத் திரும்பக் கண்டார். அம்மாவின் பக்கம் சேர்ந்து அப்பாவை எதிர்க்கிற பிள்ளை, இரண்டு பேருக்கும் தூது போகிற பிள்ளை, தன்மேல் கோபத்தைத் திருப்பிவிட்டு அவர்கள் சண்டையை நிறுத்துகிற பிள்ளை. இதில் கடைசிப் பிள்ளையை எனக்கு நன்றாகத் தெரியும். வீட்டில் குரல் உயர்ந்தால் உடனே தண்ணீர்க் குடத்தைக் கவிழ்த்துவிடுவான். அடி அவன்மேல் விழும், சண்டை நின்றுவிடும். வகுப்பிலும் இரண்டு பிள்ளைகள் சச்சரவிட்டால் அவன் எதையாவது கீழே தள்ளுகிறான். குறும்புக்காரன் என்று பெயர் வாங்கியிருக்கிறான். ஒன்பது வயதில் ஒரு வீட்டின் சமாதானத்தைத் தன் முதுகில் வாங்கிக்கொள்கிற பிள்ளை அவன்.

இதற்கு நீங்கள் மட்டும் காரணமா என்றால், இல்லை. இதை அழுத்திச் சொல்ல வேண்டும். நம் முன்னோர் கங்காணிகளின் பின்னால் மதுரை, திருநெல்வேலிச் சீமைகளிலிருந்து மலையேறி வந்தது குடும்பமாகத் தழைப்பதற்கு என்று தோட்டக்காரர்கள் நினைக்கவில்லை, வேலைக்கு ஆள் என்றுதான் நினைத்தார்கள். ஒரு அறை, ஒரு சமையல் இடம், முன்னால் ஒரு திண்ணை, பக்கத்து வீட்டோடு பொதுச்சுவர். அதில் தாத்தா பாட்டி, தாய் தகப்பன், பிள்ளைகள். கணவனும் மனைவியும் மெதுவாக ஒரு விஷயத்தைப் பேசி முடிக்க அந்த வீட்டில் மூலை கிடையாது. 1951-ஆம் ஆண்டுத் தோட்டத் தொழிலாளர் சட்டம், 50 பெண்களுக்கு மேல் வேலை செய்கிற தோட்டத்தில் ஆறு வயதுக்குக் கீழ்ப்பட்ட பிள்ளைகளுக்குக் காப்பகம் வைக்க வேண்டும் என்று எழுதியது. ஆனால் தோட்டத்தைப் பூட்டினால் காப்பகத்தையும் சேர்த்துத்தானே பூட்டுவார்கள்? 2000-ஆம் ஆண்டு வாக்கில் தேயிலை விலை விழுந்தபோது நம் தாலுகாவில் அது நடந்தது. பீர்மேடு டீ கம்பெனியின் சீந்தலாறு, லோன்ட்ரீ தோட்டங்கள் கைவிடப்பட்டதை உங்களில் மூத்தவர்கள் கண்ணால் பார்த்திருக்கிறீர்கள். வேலை போனது, பாக்கிச் சம்பளமும் கிராஜுவிட்டியும் நின்றன. லயத்தைக் காலி செய்யவும் வழியில்லை, ஒட்டுப்போட்டு வாழவும் காசில்லை.

அன்று உடைந்தது வருமானம் மட்டுமில்லை. இரண்டு பேரும் ஒரே மலையில் வேலை செய்து ஒரே நேரத்தில் வீடு திரும்பிய வாழ்க்கையும் அதோடு போனது. ஆண்கள் கோட்டயம், எர்ணாகுளம் பக்கம் கட்டட வேலைக்கும், திருப்பூர்ப் பக்கம் கம்பெனி வேலைக்கும் இறங்கினார்கள். தோட்டம் ஓடுகிற இடங்களில்கூட, பெயர் பதிவேட்டில் இருந்தால்தானே வீடு நிற்கும் என்று மனைவி கொழுந்துக் கூடையோடு மலையில் நின்றுகொள்ள, கணவன் வெளியூர் போகிற ஏற்பாடு இன்றைக்கும் நடக்கிறது. கூரையைக் காப்பாற்ற ஒருவர், வயிற்றைக் காப்பாற்ற ஒருவர். இது இரண்டு பேர் சேர்ந்து எடுத்த முடிவு. ஆனால் ஐந்து வருஷம் கழித்து, "என்னை இந்த மலையில விட்டுட்டுப் போயிட்டீங்க" என்றும், "நான் அங்க ஷெட்டுல கிடந்து சாகறேன், உனக்கு என்ன தெரியும்" என்றும் அந்த முடிவை ஒருவர்மேல் ஒருவர் குற்றமாகப் போட்டுக்கொள்கிறீர்கள். விலை விழுந்ததற்கும், முதலாளி கைவிட்டதற்கும், காப்பகம் பூட்டியதற்கும் வீட்டுக்குள் ஒரு குற்றவாளியைத் தேடுகிறோம். பக்கத்தில் இருப்பவர் அவர் ஒருவர்தான் என்பதால் அவரே அகப்படுகிறார். அவரும் ஊரில் இல்லாவிட்டால் நாமே அகப்படுகிறோம்.

கிறிஸ்டின் நெஃப் என்ற உளவியல் பேராசிரியர் 2003-லிருந்து ஒரு விஷயத்தை விடாமல் ஆராய்ந்து வருகிறார். தன்மேல் பரிவாக இருப்பது என்று அதைச் சொல்லலாம். அவர் சொல்வதில் மூன்று சேர்ந்திருக்கின்றன. ஒன்று, தவறு நேரும்போது தன்னைக் குதறாமல், ஒரு சிநேகிதிக்குச் சொல்வது போலத் தனக்கும் சொல்லிக்கொள்வது. இரண்டாவது, இந்தக் கஷ்டம் எனக்கு மட்டும் வந்தது இல்லை, மனுஷப் பிறவி எல்லாருக்கும் வருவது என்று உணர்வது. மூன்றாவது, வலியைப் பெரிதாக்கவும் செய்யாமல், இல்லையென்று அமுக்கவும் செய்யாமல், இருக்கிறபடி பார்ப்பது.

இரண்டாவதாகச் சொன்னதைப் பற்றி லயத்து மனிதர்களிடம் பேச எனக்கு நிறைய இருக்கிறது. நம் சுவர் எவ்வளவு மெல்லியது என்று நமக்குத் தெரியும். பக்கத்து வீட்டில் தட்டு விழுந்தால் இங்கே கேட்கும். அந்த வீட்டு அக்கா பிள்ளையை அடித்துவிட்டு அப்புறம் தனியே அழுவது கேட்கும். அண்ணன் ராத்திரி மூன்று மணிக்குத் தூக்கம் வராமல் திண்ணையில் இருமுவது கேட்கும். இப்படி ஒருவர் கஷ்டம் ஒருவருக்குத் தெரிந்து வாழ்கிற நாம், காலையில் பைப்படியில் பார்த்துக்கொள்ளும்போது ஒன்றும் கேட்காத மாதிரி முகத்தை வைத்துக்கொள்கிறோம். அது மரியாதைக்காகத்தான், எனக்குத் தெரியும். ஆனால் அதனாலேயே ஆறு வீட்டிலும் ஆறு அம்மாக்கள் "நான் ஒருத்திதான் மோசமான அம்மா" என்று நினைத்துக்கொண்டு கூடை மாட்டுகிறார்கள். ஒரே ஒரு நாள் ஒருத்தி இன்னொருத்தியிடம் "நேத்து நானும் புள்ளையப் போட்டு அடிச்சிட்டேன்கா, மனசே சரியில்ல" என்று சொல்லிப் பார்க்கட்டும். தண்ணீர் நிறைகிற நேரத்துக்குள் எத்தனை பேர் வாயைத் திறக்கிறார்கள் என்று பாருங்கள்.

தன்மேல் பரிவு என்றால் செல்லம் கொடுத்துக்கொள்வது, சோம்பேறியாக இருப்பது என்று அண்ணன்மார் சிலர் நினைப்பீர்கள். நம்மை நாமே கடிந்துகொண்டால்தான் திருந்துவோம் என்றே வளர்ந்திருக்கிறோம். ஜூலியானா பிரைன்ஸ், செரினா சென் இருவரும் 2012-ல் வெளியிட்ட ஆய்வில் ஒரு சோதனை உண்டு. கடினமான ஒரு பரீட்சையில் மாணவர்களைத் தோற்கவைத்தார்கள். சிலரிடம் மட்டும், இதில் சிரமப்படுவது சகஜம், உங்களை நீங்களே ரொம்பக் கடிந்துகொள்ளாதீர்கள் என்று சொன்னார்கள். அடுத்த பரீட்சைக்குக் கூடுதல் நேரம் உட்கார்ந்து படித்தவர்கள் அவர்கள்தான். தன்னைத் திட்டிக்கொண்டே இருப்பவருக்குத் தன் தவறை நேராகப் பார்க்கவே பயமாக இருக்கும். ஓடிவிடத்தான் தோன்றும். குடிக்குப் போகிற பாதையும் பல வீட்டில் அங்கேதான் பிரிகிறது.

கணவன் மனைவி விஷயத்துக்கு இது எப்படி வந்து சேர்கிறது? நெஃப், பெரெட்வாஸ் இருவரும் 104 ஜோடிகளைப் பார்த்து 2013-ல் எழுதினார்கள். தன்மேல் பரிவாக இருப்பவரைப் பற்றி அவருடைய துணையிடம் கேட்டார்கள். அரவணைப்பானவர், நம்மை நம் போக்கில் விடுகிறவர், அதிகாரம் செய்யாதவர், கத்தாதவர் என்று துணைகள் சொன்னார்கள். சொன்னது அவரவர் இல்லை, கூட இருப்பவர் என்பதைக் கவனியுங்கள். தனக்குள் கொஞ்சம் இடம் விட்டுவைத்திருப்பவரால்தான் அடுத்தவருக்கும் இடம் கொடுக்க முடிகிறது. "சோறு ஆறிப்போச்சு" என்று கணவன் சொன்னால், தன்னை ஏற்கெனவே வெறுத்துக்கொண்டிருக்கிற மனைவிக்கு அது "நீ ஒரு பொண்டாட்டியா" என்றுதான் கேட்கும். "கரன்ட் பில் கட்டலையா?" என்று அவள் கேட்டால், வேலையில்லாமல் குமைகிற கணவனுக்கு அது "நீ ஒரு ஆம்பளையா" என்றுதான் கேட்கும். சொன்னது ஒன்று, காதில் விழுந்தது இன்னொன்று. பிள்ளை நடுவில் உட்கார்ந்து இரண்டையும் கேட்கிறது.

புதிதாகப் பிள்ளை பெற்றவர்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. ஜான் காட்மன் குழுவினர் அமெரிக்காவில் புதுமணத் தம்பதிகளை வருஷக்கணக்கில் தொடர்ந்து பார்த்து 2000-ல் வெளியிட்ட ஆய்வில், முதல் பிள்ளை வந்த பிறகு மூன்றில் இரண்டு பங்கு மனைவிமாருக்கு மணவாழ்வில் நிறைவு குறைந்திருந்தது. மிச்சம் இருந்தவர்கள் தாக்குப்பிடித்ததற்கு என்ன காரணம் என்று பார்த்தால், கணவன் மனைவியிடம் பிரியத்தை வெளியே காட்டியதும், அவள் மனதில் என்ன ஓடுகிறது என்று தெரிந்துவைத்திருந்ததும் முன்னால் நின்றன. காசு கேட்காத காரியங்கள் இவை. கவாத்து வெட்டிய செடியிடம் சில மாதம் யாரும் கூடை மாட்டிக்கொண்டு போவதில்லை. துளிர்க்கட்டும் என்று விட்டுவைக்கிறோம். பிள்ளை பெற்ற வீட்டையும் அப்படி விட்டுவையுங்கள். பழைய சிரிப்பு, பழைய சமையல், பழைய நெருக்கம் எல்லாம் இப்போதே வேண்டும் என்று ஒருவரையொருவர் கேட்காதீர்கள். சட்டம் தாய்க்கு 2017 முதல் 26 வாரம் விடுப்பு தருகிறது, தகப்பனுக்கு அந்தச் சட்டத்தில் ஒரு நாள்கூட இல்லை. மத்திய அரசு ஊழியர் என்றால் 15 நாள் உண்டு. டீ ஃபேக்டரியில் நிற்கிறவருக்கு யார் தருவது? பிள்ளையைத் தூக்கவே பயந்துகொண்டு ஓரமாக நிற்கிற தகப்பன்களை அந்தப் பதினைந்து நாள் இல்லாமைதான் உண்டாக்குகிறது என்று நான் நம்புகிறேன். வளர்ப்பு தாயின் வேலை என்று அரசே நினைப்பது நம் ஊரில் மட்டும் இல்லை. 2013-ல் இலங்கை அரசு, ஐந்து வயதுக்குக் கீழே பிள்ளை உள்ள பெண்கள் வெளிநாட்டு வீட்டுவேலைக்குப் போகக் கூடாது என்று விதித்து, போகிற பெண்களிடம் குடும்பப் பின்னணி அறிக்கை கேட்டது. வெளிநாடு போகிற தகப்பனிடம் அப்படி ஒரு அறிக்கையை யாரும் கேட்கவில்லை.

இனி, வெளியூரில் இருக்கிற அண்ணன்மாரின் போன் பேச்சு. ராத்திரி எட்டு மணி. அம்மா ஸ்பீக்கரைப் போடுகிறார். "இந்தா, உங்க மகன் சொல்பேச்சு கேக்கல, நீங்களே கேளுங்க." அந்தப் பக்கம் நாளெல்லாம் சிமெண்டு சுமந்த மனிதர் உரக்கக் கத்துகிறார். பையன் போனைப் பார்க்காமல் சுவரைப் பார்த்துக்கொண்டு நிற்கிறான். இரண்டு நிமிஷத்தில் முடிகிறது. அப்பா என்பவர் அவனுக்கு ஒரு சத்தமாக மட்டும் மிஞ்சுகிறார், அம்மா போலீஸில் பிடித்துக்கொடுத்தவர் ஆகிறார். இதை மாற்ற அதிகம் வேண்டாம். பிள்ளை தூங்கிய பிறகு நீங்கள் இரண்டு பேரும் முதலில் பேசிக்கொள்ளுங்கள். அன்று அவன் செய்த சாதாரணமான ஒன்றை அப்பாவுக்குச் சொல்லுங்கள்: கோழியைத் துரத்தினான், தங்கச்சிக்குச் சடை பின்னப் பார்த்தான் என்று. மறுநாள் அப்பா அவனிடம் "தங்கச்சிக்குச் சடை பின்னுனியாமே?" என்று கேட்கட்டும். அப்பா தன்னைப் பார்த்துக்கொண்டே இருக்கிறார் என்று அவனுக்குத் தெரியும். அதே மாதிரி அப்பாவும் பிள்ளை காதுபட "உங்கம்மா மழையில நனைஞ்சு வந்திருப்பா, குடத்த நீ தூக்கிட்டு வா" என்று ஒரு வார்த்தை சொல்லலாம். ஒருவர் இல்லாத இடத்தில் இன்னொருவர் அவரைத் தாங்கிப் பேசுகிறார்களா, தள்ளிப் பேசுகிறார்களா என்பதைப் பிள்ளைகள் எவ்வளவு கூர்மையாகக் கவனிக்கிறார்கள் என்று கட்டுரை நோட்டுத் திருத்துகிற எனக்குத் தெரியும்.

வீட்டுப்பாடத்திலும் இதுதான். பிள்ளையை மலையாளப் பள்ளியிலோ இங்கிலீஷ் மீடியத்திலோ சேர்த்த வீடுகளில், நோட்டைப் பிரித்தால் அம்மாவுக்கு ஓர் எழுத்தும் தெரியாது. யூனியன் வேலையிலும் வெளி வேலையிலும் மலையாளம் படிக்கப் பழகிய அப்பா, "இதுகூடத் தெரியாதா உனக்கு" என்று பிள்ளை முன்னால் சொல்லிவிடுகிறார். அன்றிலிருந்து அந்தப் பிள்ளையும் அம்மாவிடம் அதே வார்த்தையைச் சொல்கிறது. பிறகு அந்த அம்மா பிள்ளையை எதற்குமே கண்டிக்க முடியாமல் போகிறது. நோட்டு தெரியாவிட்டால் என்ன, "இன்னிக்கு என்ன படிச்ச, எனக்குச் சொல்லிக்கொடு" என்று பக்கத்தில் உட்காருகிற அம்மாவின் பிள்ளை நன்றாகவே படிக்கிறது. அந்த இடத்தை அவளுக்கு விட்டுக்கொடுப்பது உங்கள் கையில் இருக்கிறது அண்ணா.

சண்டையே போடாதீர்கள் என்று நான் சொல்லவில்லை. ஒரே அறையில் அது நடக்காத காரியம். மார்க் கம்மிங்ஸ் என்ற ஆய்வாளர் பெரியவர்கள் சண்டையிடுவதைப் பிள்ளைகள் எப்படிப் பார்க்கிறார்கள் என்று பல வருஷம் ஆராய்ந்தார். முடிவு தெரியாமல் அந்தரத்தில் நிற்கிற சண்டைதான் பிள்ளைகளை அதிகமாக ஆட்டுகிறது. சமாதானமாகி முடிவதைப் பார்த்த பிள்ளைகளின் கலக்கம் பெரிதும் குறைகிறது. நாம் என்ன செய்கிறோம்? சண்டையைப் பிள்ளை முன்னால் போடுகிறோம், சமாதானத்தைப் பிள்ளை தூங்கிய பிறகு செய்கிறோம். பிள்ளைக்குப் பாதிக் கதைதான் தெரிகிறது. மறுநாள் காலையில் பிள்ளை இருக்கும்போதே, "நேத்து நான் பேசினது சரியில்ல, அசதியில பேசிட்டேன்" என்று ஒருவர் சொல்லட்டும், "சரி விடுங்க, டீ குடிங்க" என்று இன்னொருவர் சொல்லட்டும். தன்னை மன்னிக்கத் தெரிந்தவருக்குத்தான் இந்த வார்த்தை வாயில் வரும். மற்றவருக்கு அது தோற்றுப்போவது மாதிரி இருக்கும்.

ஒரு இடத்தில் நான் நிறுத்திக்கொள்ள வேண்டும். அடி வாங்குவது மணவாழ்வில் நிறைவு குறைந்த கதை அல்ல. குடித்துவிட்டு அடிக்கிற கணவனிடம் பொறுத்துப் போவது தன்மேல் பரிவும் அல்ல. 2005-ஆம் ஆண்டுக் குடும்ப வன்முறைச் சட்டம் உங்களுக்காகத்தான் இருக்கிறது. 181 என்ற எண்ணுக்குப் பெண்கள் எந்த நேரமும் கூப்பிடலாம், பிள்ளைகளுக்கு ஆபத்து என்றால் 1098. குடும்பஸ்ரீயின் ஸ்நேகிதா மையத்திலும் உதவி கேட்கலாம். மேலே நான் எழுதியது எதையும் வைத்து "நீயும் கொஞ்சம் அனுசரிச்சுப் போ" என்று யாராவது உங்களிடம் சொன்னால், டீச்சர் அப்படிச் சொல்லவில்லை என்று சொல்லுங்கள். அடிக்கிற அண்ணனுக்கும் ஒன்று சொல்ல வேண்டும்: காலையில் உங்கள்மேல் உங்களுக்கு வருகிற அருவருப்பு உங்களைத் திருத்தப் போவதில்லை, சாயங்காலம் திரும்பவும் கடைக்குத்தான் கூட்டிப்போகும். கேரள அரசின் விமுக்தி திட்டத்தில் குடியை விடச் சிகிச்சை கிடைக்கிறது. கேட்பதில் கேவலம் இல்லை.

2015 செப்டம்பரில் மூணாறில் பெண்கள் பெம்பிளை ஒருமை என்று ஒன்பது நாள் சாலையில் உட்கார்ந்து 20 சதவீத போனஸை வாங்கிக்காட்டியதை நாம் பெருமையாகப் பேசுகிறோம். பேச வேண்டியதுதான். அந்த ஒன்பது நாளும் லயங்களில் அடுப்பு எரிந்திருக்கிறது, பிள்ளைகள் சாப்பிட்டிருக்கிறார்கள். அதில் கணவன்மார் கை எவ்வளவு இருந்திருக்கும் என்று நான் அடிக்கடி யோசிப்பதுண்டு. போனஸுக்காக ஒன்றாகப் பேசத் தெரிந்த நமக்குப் பிள்ளைக்காகவும் ஒன்றாகப் பேசத் தெரியும். காப்பகத்தைத் திறக்கச் சொல்லி, லயத்தில் இன்னொரு அறை கட்டச் சொல்லி, வேலையில் இருக்கும் தகப்பனுக்கும் விடுப்புத் தரச் சொல்லிக் கேட்பதெல்லாம் தம்பதியாக முன்வைக்க வேண்டிய கோரிக்கைகள். யூனியன் கூட்டத்தில் கூலி, போனஸ், கிராஜுவிட்டிக்குப் பிறகு நாலாவதாகவாவது இது வரட்டும்.

கூட்டம் என்றதும் நினைவுக்கு வருகிறது. குடும்பஸ்ரீ 1998-ல் தொடங்கியதிலிருந்து நம் பெண்களுக்கு அயல்கூட்டம் என்று உட்கார்ந்து பேச ஓர் இடம் கிடைத்தது. ஆண்களுக்கு அப்படி ஓர் இடம் இல்லை. இரண்டு பேரும் சேர்ந்து உட்காரவும் இடம் இல்லை. பிலிப், கரோலின் கோவன் தம்பதி தங்கள் குழுவினரோடு கலிஃபோர்னியாவில் 289 ஜோடிகளை வைத்துச் செய்த ஆய்வு ஒன்று 2009-ல் வந்தது. அவர்களில் பெரும்பாலோர் குறைந்த வருமானக்காரர்கள், மெக்சிகோ வழியினர் நிறையப் பேர். சிலரைத் தகப்பன்மார் மட்டும் கூடுகிற குழுவில் சேர்த்தார்கள், சிலரைத் தம்பதியாகக் கூடுகிற குழுவில் சேர்த்தார்கள். இரண்டு குழுவிலும் தகப்பன்மார் பிள்ளைகளோடு கூடுதலாக ஒட்டினார்கள். ஆனால் கணவன் மனைவி உறவு தளராமல் நின்றது தம்பதியாக வந்த குழுவில்தான். பதினாறு வாரம், வாரம் ஒரு முறை. அதற்குக் கட்டடம் வேண்டாம், பெரிய டாக்டர் வேண்டாம். அங்கன்வாடி போதும்.

அதனால் கேட்கிறேன். மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, காலை பத்து மணிக்கு அங்கன்வாடியில் கூடுவோம். வெளியூரிலிருந்து வருகிறவர்கள் சனி ராத்திரி வந்து சேர்ந்துவிடுவார்கள், அதற்காகத்தான் அந்த நேரம். ஏலக்காட்டுக்காரர்களுக்கும் அன்று பெரும்பாலும் வேலை இருக்காது. யாரும் பிரசங்கம் செய்யப்போவதில்லை, உங்கள் வீட்டுக் கதையை எழுந்து நின்று சொல்லச் சொல்லவும் மாட்டோம். அந்த வாரம் பிள்ளை விஷயத்தில் இரண்டு பேரும் ஒத்துப்போன ஒன்றையும் ஒத்துப்போகாத ஒன்றையும் ஜோடியாக உட்கார்ந்து பேசிக்கொள்ளுங்கள், விருப்பமிருந்தால் பக்கத்து ஜோடியிடமும் பேசுங்கள். பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டே வாருங்கள், பள்ளியிலிருந்து நாங்கள் சிலர் வந்து வெளியே விளையாட வைத்துக்கொள்கிறோம். தனியாகப் பிள்ளை வளர்க்கிற அக்காமாரும் அண்ணன்மாரும் பாட்டியையோ அண்ணியையோ, வளர்ப்பில் கைகொடுக்கிற யாரையாவது கூட்டி வாருங்கள். பெயர் எழுத அங்கன்வாடி டீச்சரிடம் ஒரு நோட்டு இருக்கும். இரண்டு பேர் பெயரையும் எழுதுங்கள். அப்பா பெயரை அப்பாவே வந்து எழுதினால் எனக்கு ரொம்பச் சந்தோஷம்.

அன்புடன்,
உங்கள் பிள்ளைகளின் டீச்சர்,
பீர்மேடு